நாட்பட்ட நோயும் நோன்பும்: யாருக்கு எந்த நோன்பு?

ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷமாவது நோன்பை விட்டுடுங்க வாப்பா" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "நாப்பது வருஷமா விடாத நோன்பு, இப்ப விடச் சொல்றியா?" என்று பெரியவர் மறுப்பார். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் என்று ஏதாவது ஒன்று இல்லாத குடும்பம் இன்று அரிது என்பதால் இந்தப் பேச்சு இல்லாத வீடும் அரிதாகிவிட்டது.

வைப்பதா, விடுவதா என்ற இரண்டே வழிதான் உண்டு என்று நினைப்பதால்தான் இந்தப் பேச்சு முடியாமல் நீள்கிறது. மார்க்கம் நோயாளிக்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. மருத்துவமும் நோயாளிகள் அனைவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. எந்த நோன்பு, எந்தக் காலத்தில், எந்த மருந்தோடு, யாருக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்க்கம் திறந்து வைத்த வாசல்கள்

நோன்பைக் கடமையாக்கிய வசனங்களை அடுத்தே நோயாளிக்கும் பயணிக்குமான சலுகையும் சொல்லப்பட்டுள்ளது (அல்குர்ஆன் 2:184, 185). விடுபட்ட நாள்களை வேறு நாள்களில் நிறைவேற்றுவதும், இயலாதவர் ஏழைக்கு உணவளிப்பதும் அங்கேயே இடம்பெறுகின்றன. அல்லாஹ் நமக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்பதும் அதே இடத்தில் வரும் கருத்துதான். தன்னைத் தானே அழித்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டளை தனியாக உள்ளது (4:29).

இதிலிருந்து நோயாளிக்கு மூன்று நிலைகள் கிடைக்கின்றன.

ஒன்று, நோய் இருந்தும் நோன்பால் கேடு வராது என்ற நிலை. இவருக்கு ரமளான் நோன்பு கடமைதான். சர்க்கரை நோய் என்ற பெயர் மட்டும் நோன்பை விடுவதற்குப் போதிய காரணமாகாது.

இரண்டு, இப்போது இயலாது, பின்னர் இயலும் என்ற நிலை. இவர் ரமளானில் விட்டுவிட்டு, பிறகு களா செய்வார்.

மூன்று, எப்போதும் இயலாது, குணமடையும் நம்பிக்கையும் இல்லை என்ற நிலை. இவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுப்பார்.

இரண்டாவது நிலைக்கும் மூன்றாவது நிலைக்கும் இடையில்தான் பலரும் குழம்புகிறார்கள். நோய் நாட்பட்டது என்பதாலேயே ஒருவர் மூன்றாவது நிலைக்குப் போய்விடுவதில்லை. கோடை ரமளானில் முடியாதவரால் மார்கழிக் குளிரில் வாரத்துக்கு ஒரு நோன்பு வைக்க முடியுமானால் அவர் களாதான் செய்ய வேண்டும். களா செய்ய இயலும் ஒருவருக்கு ஃபித்யா பகரமாகாது.

ரமளான் நோன்பு: உடலுக்கு என்ன நேர்கிறது?

ரமளான் நோன்பில் உணவோடு தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. 29 அல்லது 30 நாள்கள் தொடர்ச்சியாக வரும். உணவு நேரம் இரவுக்கு மாறும், தூக்கம் குறையும். நோயாளிக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை.

சென்னையில் டிசம்பர் மாத நோன்பு ஏறக்குறைய 12½ மணி நேரம் நீளும். ஜூனில் அது 14 மணி நேரத்தைத் தாண்டும். லண்டனில் வசிப்பவருக்கோ டிசம்பரில் 10 மணி நேரத்தை ஒட்டியும், ஜூனில் 18 மணி நேரம் வரையும் போகும். வளைகுடாவில் வெயிலில் நின்று வேலை செய்பவரின் நிலை இன்னும் கடினம். பிறை ஆண்டு சுமார் 11 நாள்கள் குறைவு என்பதால் ரமளான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பரில் இன்னொரு ரமளானும் தொடங்கும். சென்ற கோடை ரமளானில் முடியாமல் போனவர், குளிர்கால ரமளானிலும் முடியாது என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

நீரிழிவு: ஆபத்தை அளப்பது எப்படி?

2001இல் 13 நாடுகளைச் சேர்ந்த சுமார் 12,000 நீரிழிவாளர்களிடம் 'எபிடியார்' என்ற ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முஸ்லிம்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாள்கள் நோன்பு வைப்பதாக அதில் தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது, மற்ற மாதங்களைவிட ரமளானில் முதல் வகையினரிடம் 4.7 மடங்கும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியிருந்தது. மக்கள் எப்படியும் நோன்பு வைக்கத்தான் போகிறார்கள், ஆகவே பாதுகாப்பாக வைக்க வழிகாட்டுவோம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் வலுப்பெற இது ஒரு காரணமாயிற்று.

உலக நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவும் ரமளானும் தொடர்பான பன்னாட்டுக் கூட்டணியும் இணைந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. நீரிழிவின் வகை, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, சர்க்கரை தாழ்ந்த வரலாறு, மூன்று மாதச் சராசரி அளவான எச்பிஏ1சி, சிறுநீரக நிலை, முதுமைத் தளர்ச்சி, உடலுழைப்பு, முந்தைய ரமளான் அனுபவம், நோன்பின் நீளம் ஆகியவற்றுக்கு அது மதிப்பெண் போடுகிறது. 3 வரை வந்தால் ஆபத்து குறைவு. 3.5 முதல் 6 வரை நடுத்தரம். 6ஐத் தாண்டினால் உயர் ஆபத்து, அவர் நோன்பு வைக்கக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை.

ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் முக்கியமான அறிவுரை. அதாவது ரஜப் மாதத்திலேயே போய்விட வேண்டும். பிறை பார்த்த இரவில் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளும் விஷயமல்ல இது.

மருந்துதான் பாதி முடிவைச் சொல்லும்

ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவருக்கு நோன்பு எளிதாகவும் மற்றவருக்கு ஆபத்தாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் மருந்தே காரணம். கீழே உள்ளவை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுபவை. நாமாக அளவை மாற்றிக்கொள்வதற்காக அல்ல.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழும் ஆபத்து குறைவு. மூன்று வேளை எடுப்பவருக்குப் பகல் வேளை மாத்திரையை இஃப்தாருடன் சேர்ப்பது வழக்கம். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் வகைக்குப் பொதுவாக மாற்றம் தேவைப்படுவதில்லை.

கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிறு காலியாக இருந்தாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எனவே சஹர் வேளை அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இவற்றுள் பழைய மருந்தான கிளிபென்கிளமைடை மாற்றித் தரும்படி கேட்பது நல்லது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. கூடவே நீரும் போகும். இவற்றை இஃப்தார் வேளைக்கு மாற்றி, இரவில் தண்ணீரைக் கூட்டச் சொல்வார்கள். ரமளானுக்குச் சற்று முன்பாக இவற்றைப் புதிதாகத் தொடங்குவது ஏற்றதல்ல.

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை இஃப்தார் நேரத்துக்கு மாற்றி, 15 முதல் 30 விழுக்காடு வரை குறைப்பதுண்டு. கலவை இன்சுலினாக இருந்தால் சஹர் அளவை 25 முதல் 50 விழுக்காடு வரை குறைப்பார்கள். முதல் வகை நீரிழிவில் இன்சுலினை அறவே நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது. இன்சுலின் ஊசி உணவாகாது என்பதால் அதுவும் முறிக்காது என்பதே இன்றைய ஆலிம்களில் பெரும்பாலோரின் முடிவு. உடலுக்கு ஊட்டம் தரும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது வேறு, அதில் இந்தச் சலுகை இல்லை.

மற்ற நாட்பட்ட நோய்கள்

*இரத்த அழுத்தம்:* கட்டுப்பாட்டில் இருந்து, நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்ற நிலையில் உள்ளவர்களால் பெரும்பாலும் நோன்பு வைக்க முடியும். நீர் பிரிக்கும் மாத்திரையைச் சஹரில் எடுத்தால் பகலில் உடல் வறண்டு தலைசுற்றல் வரலாம். அதன் நேரத்தையும் அளவையும் மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

*சிறுநீரகம்:* தண்ணீர் இல்லாமை நேரடியாகத் தாக்கும் உறுப்பு இது. நோய் முற்றியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் உயர் ஆபத்துப் பிரிவினர். இவர்களில் பலருக்கு ஃபித்யாதான் வழி. பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ளவர்கள் இஃப்தாரில் பேரீச்சம்பழம், வாழைப்பழம், இளநீர் மூன்றையும் அளந்தே எடுக்க வேண்டும்.

*இதயம்:* அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இதயம் செயலிழக்கும் நிலையில் உள்ளவர் ஆகியோர் நோன்பைத் தள்ளிப்போட வேண்டும். நிலை சீரானதும் மருத்துவரிடம் கேட்டுக் களா செய்யலாம்.

*வலிப்பு:* மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். ஒரு நாளைக்கு ஓரிரு முறை எடுத்தால் போதும் என்ற வகை மருந்துக்கு மாற முடியுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

*தைராய்டு:* தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சஹருக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்தோ எடுக்கலாம். இதற்காக நோன்பை விட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

*ஆஸ்துமா:* சஹரிலும் இஃப்தாரிலும் மட்டும் இன்ஹேலர் போதும் என்றால் சிக்கலில்லை. பகலில் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூச்சுத் திணறும் நேரத்தில் அந்த விவாதத்துக்கு இடமில்லை. முதலில் மருந்தை எடுங்கள், களா பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.

*மனநலம்:* லித்தியம் எடுப்பவர்களுக்கு உடல் வறண்டால் அந்த மருந்தே நஞ்சாகக்கூடும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நோன்பும் வைக்கக் கூடாது.

களாவும் ஃபித்யாவும்

களா நோன்பைத் தொடர்ச்சியாக வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயாளிக்கு இது பெரிய வசதி. பகல் குறுகிய மாதத்தில், வேலை குறைந்த நாளில், ஒன்று வைத்து இரண்டு நாள் ஓய்வெடுத்து அடுத்ததை வைக்கலாம். ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கு விடுபட்ட நோன்புகளை ஷஅபான் மாதத்தில்தான் நிறைவேற்ற முடிந்தது என்று சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவகாசம் அவ்வளவு நீண்டது. ஷாஃபிஈ மத்ஹபில், வாய்ப்பிருந்தும் காரணமின்றி அடுத்த ரமளான் வரை தாமதித்தால் களாவுடன் ஃபித்யாவும் சேரும். நோயே தாமதத்துக்குக் காரணம் என்றால் குற்றமில்லை.

ஃபித்யாவின் அளவு மத்ஹபுக்கு மத்ஹப் மாறும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஒரு முத்து அளவு தானியம். ஹனஃபி மத்ஹபில் ஸதக்கத்துல் ஃபித்ரின் அளவு. உங்கள் ஊர் ஜமாஅத் அவ்வாண்டுக்கு அறிவிக்கும் தொகையைக் கேட்டுக்கொள்வது எளிது. ஃபித்யா கொடுத்தவர் பின்னர் குணமடைந்து நோன்பு வைக்கும் வலிமை பெற்றால், ஹனஃபி மத்ஹபின்படி களா செய்ய வேண்டும்.

நஃபில் நோன்பைத் தேர்ந்தெடுப்பது

கடமையான நோன்பிலேயே சலுகை இருக்கும்போது நஃபிலில் நோயாளி தன்னை வருத்திக்கொள்வதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் நஃபிலின் நன்மையை விட மனமில்லாதவர்களுக்கு அதிலும் தேர்வு இருக்கிறது.

திங்கள், வியாழன் நோன்புகளுக்கு இடையே ஓய்வு நாள்கள் கிடைப்பதால் பல நோயாளிகளுக்கு இவை ஏற்றவை. ரமளானில் நோன்பு சரிப்படுமா என்று பார்க்க விரும்புபவர், மருத்துவரின் ஒப்புதலோடு ரஜபிலும் ஷஅபானிலும் இந்த நாள்களில் ஒன்றிரண்டு வைத்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு வரலாம். ரமளானின் முதல் நாளில் திகைப்பதைவிட இது மேல்.

பிறை 13, 14, 15 ஆகிய வெள்ளை நாள்களின் நோன்பு மூன்று நாள் தொடர்ச்சியாக வரும். அது சிரமம் என்றால் மாதத்தில் வேறு மூன்று நாள்களில் வைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் மாதம் மூன்று நோன்பு வைப்பதில் எந்த நாள் என்று பொருட்படுத்தியதில்லை என்ற செய்தி முஸ்லிமில் உள்ளது.

ஷவ்வாலின் ஆறு நோன்புகளைப் பெருநாளுக்கு மறுநாளே தொடங்கி ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. மாதம் முழுவதும் பரப்பிக்கொள்ளலாம். முப்பது நோன்பு வைத்துக் களைத்த உடலுக்கு ஒரு வாரமாவது ஓய்வு கொடுங்கள். களா பாக்கி இருப்பவர் குறைந்த வலிமையை முதலில் அதற்கே செலவிடுவது அறிவு.

அரஃபா நாள், ஆஷூரா நாள் நோன்புகள் ஆண்டுக்கு ஓரிரு நாள்கள் என்பதால் திட்டமிட எளியவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைக்கும் தாவூத் நபி (அலை) அவர்களின் நோன்பு, மருந்து எடுப்பவருக்குக் கடினம். உணவும் மருந்தும் அன்றாடம் நேரம் மாறிக்கொண்டே இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு. இஃப்தார் செய்யாமல் இரவும் பகலுமாகத் தொடரும் விஸால் நோன்பை நபி (ஸல்) அவர்கள் பிறருக்குத் தடுத்தார்கள்.

நேர்ச்சை நோன்பில் கவனம் தேவை. "இந்தக் காரியம் நடந்தால் பத்து நோன்பு வைக்கிறேன்" என்று நேர்ந்துவிட்டால் அது கடமையாகிவிடும். நோயாளி ஸதக்காவை நேர்ந்துகொள்ளலாமே! சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரம் மூன்று நோன்பு என்றே பலர் எண்ணுகிறார்கள். பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுப்பதுதான் முதலில் வருவது. அதற்கு வசதியில்லாதவருக்கே நோன்பு (5:89).

இடைவெளி உண்ணாநிலை நோன்பாகுமா?

எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் 16 மணி நேரம் உண்ணாமல் 8 மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உணவை 500, 600 கலோரிக்குள் சுருக்கும் முறையும் இப்போது பரவலாகியுள்ளன. இவற்றில் தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை எடுக்கலாம், உணவு நேரத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ளலாம். அதனால் இவை நோன்பைவிட உடலுக்கு இலகுவானவை. இவை உணவுமுறைகள் மட்டுமே. வணக்கத்தின் இடத்தை இவை பிடிக்காது.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. "டாக்டர் 16 மணி நேரம் பட்டினி இருக்கச் சொன்னார், அப்படியானால் நோன்பும் வைக்கலாம்" என்பது ஒன்று. தண்ணீரோடு இருப்பதற்குக் கிடைத்த ஒப்புதல், தண்ணீர் இல்லாமல் இருப்பதற்குக் கிடைத்த ஒப்புதலாகாது. "நோன்பு வைக்க முடியவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு பட்டினியாவது இருக்கிறேன்" என்பது மற்றொன்று. அப்படி ஒரு வணக்கம் மார்க்கத்தில் இல்லை. அவருக்கு உரியது களா அல்லது ஃபித்யா. கிளிமெபிரைடும் இன்சுலினும் எடுப்பவருக்கு அந்தப் பட்டினியிலும் சர்க்கரை தாழ்ந்து போகும்.

எப்போது முறித்தே ஆக வேண்டும்?

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும், 300க்கு மேலே போனாலும் நோன்பை முறிக்க வேண்டும். கருவி கைவசம் இல்லாவிட்டாலும் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவையும் அப்படியே.

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"மஃரிபுக்கு இருபது நிமிஷம்தானே" என்று பொறுத்திருப்பதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. தாழும் சர்க்கரை பாங்கு சொல்லும்வரை காத்திருக்காது. முறித்த நோன்பை இன்னொரு நாள் வைத்துக்கொள்ள அல்லாஹ் வழி வைத்திருக்கிறான்.

சஹரும் இஃப்தாரும்

மருந்து எடுப்பவர் சஹரைத் தவறவிட்டு நோன்பு வைக்கக் கூடாது. சஹரைப் பிற்படுத்துவதும் இஃப்தாரை விரைவுபடுத்துவதும் சுன்னத். நோயாளிக்கு அதுவே மருத்துவமும்கூட. வெள்ளைச் சோற்றைக் குறைத்து, முட்டை, பருப்பு, காய், தயிர் சேர்த்தால் பசி தாமதமாகும்.

இஃப்தாரில் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதும். பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு. வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் அனைத்தும் ஒரே தட்டில் சேரும்போதுதான் பகலில் தாழ்ந்த சர்க்கரை இரவில் 300ஐத் தொடுகிறது. தண்ணீரை இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே சிறிது சிறிதாகப் பருகுங்கள். தராவீஹ் தொழுகையும் ஓர் உழைப்புதான் என்பதால் தனியாக நடைப்பயிற்சி தேவைப்படாது.

முடிவெடுக்கும்போது

உடலுக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவர் சொல்வார். அதற்கு மார்க்கச் சட்டம் என்ன என்பதை ஆலிம் சொல்வார். ஒருவர் வேலையை மற்றவரிடம் கேட்கும்போதுதான் தவறு நேர்கிறது. நோன்பின் நேரமும் தன்மையும் தெரியாத மருத்துவராக இருந்தால், எத்தனை மணி நேரம், தண்ணீரும் கிடையாது என்பதை நாமே விளக்கிச் சொல்ல வேண்டும். ஆலிமிடம் போகும்போது மருத்துவர் எழுதித் தந்ததைக் கொண்டு போவது நல்லது.

வீட்டாருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நோன்பு வைக்காத நோயாளிக்குப் பகலில் உணவும் மருந்தும் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். அவர் ஒளிந்து சாப்பிடும் நிலை வரக் கூடாது. "எல்லாரும் வைக்கிறோம், நீங்க மட்டும்..." என்ற ஒரு சொல், சிலரை மருந்தை மறைத்து நோன்பு வைக்கத் தள்ளிவிடுகிறது. சலுகையைத் தந்தவன் அல்லாஹ். அதை ஏற்பவரைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

நோன்பு வைப்பவரின் நோன்பையும், இயலாமல் உணவளிப்பவரின் ஃபித்யாவையும் அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.